'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்துவிடும் சொல் 'ரன்'. ரன் என்றால் ஓடு. சரி, முடிந்தது என்று அடுத்த பாடத்துக்குப் போவோம். கொஞ்ச நாளில் பார்த்தால் மூக்கு ரன் ஆகிறது, துணியின் சாயம் ரன் ஆகிறது, ஒருவர் கம்பெனியை ரன் செய்கிறார், இன்னொருவர் தேர்தலில் ரன் செய்கிறார், பிரிண்டரில் காகிதம் ரன் அவுட் ஆகிவிடுகிறது. இதில் யாருமே ஓடவில்லை! இந்தச் சொல்லைப் பற்றி ஆங்கிலம் கற்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் எத்தனை அர்த்தம் இருக்கிறது?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்குப்படி, வினைச்சொல்லாக மட்டும் 645. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 2011-ல் வெளியான அந்தப் பதிவுதான் 'ரன்' என்ற சொல்லை முதலிடத்தில் உட்கார வைத்தது. அதற்கு முன்பு நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தது 'செட்'. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள், விளக்கம் மட்டுமே சுமார் 60,000 சொற்கள். பிறகு அகராதியைத் திருத்திக்கொண்டு வரும்போது 2000-ல் 'மேக்', 2007-ல் 'புட்' என்று மகுடம் கைமாறி, கடைசியில் 'ரன்' பிடித்துக்கொண்டது.

645 என்றதும் மலைக்க வேண்டாம். அது வரலாற்று அகராதி. நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்த பொருள், மாலுமிகள் மட்டும் பேசியது, ஏதோ ஒரு தொழிலில் மட்டும் புழங்கியது என எல்லாவற்றையும் அது சேர்த்து வைக்கும். அன்றாட ஆங்கிலத்துக்கு இதில் மிகச் சிறிய பகுதி போதும்.

அகராதிக்கு அகராதி எண்ணிக்கை மாறுகிறதே, எது சரி?

எதுவும் தவறில்லை. அகராதி எழுதுபவர்களில் இரண்டு கட்சி உண்டு: சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள். குழாயில் தண்ணீர் வருவதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன். சேர்ப்பவருக்கு இரண்டும் 'திரவம் வழிதல்', ஒரே பொருள். பிரிப்பவருக்கு முதலாவதில் வழிவது தண்ணீர், இரண்டாவதில் வழிகிறது என்று சொல்லப்படுவது மூக்கு, ஆகவே இரண்டு பொருள். அர்த்தங்களுக்கு நடுவே இயற்கை வேலி போட்டு வைக்கவில்லை. எங்கே கோடு கிழிப்பது என்பது ஆசிரியர் கையில். அதனால் 'மொத்தம் இத்தனை' என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த அகராதிப்படி என்று கேளுங்கள்.

இத்தனைக்கும் அடியில் ஒரு மூல அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது என்பதுதான் என் கட்சி. ஆனால் அது கால்களால் ஓடுவது என்று நினைத்தால் பாதி அர்த்தங்கள் ஒட்டாது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முன்னோடி 'ரின்னன்'. மனிதர் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் அது சேர்த்தே குறித்தது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான 'ரின்னன்' இன்றும் வழிதல், ஒழுகுதல் என்ற பொருளில்தான் இருக்கிறது. தடைபடாமல் போய்க்கொண்டே இருப்பது என்று மூலப்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு போகிறது, எஞ்சின் நிற்காமல் சுற்றுகிறது, நாடகம் பல மாதம் தொடர்கிறது, ஒப்பந்தம் மூன்று வருடம் அமலில் இருக்கிறது, ஒரு குணம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. எல்லாமே ரன். வெள்ளைச் சட்டையோடு ஊறிய சிவப்புத் துணியின் சாயம் இறங்குவதும் அதேதான்.

தமிழில் நமக்கு இது புதிதல்ல. 'ஓடு' என்ற நம் வினையும் கால்களோடு நின்றுவிடவில்லை. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, நாட்கள் ஓடுகின்றன, உடம்பில் இரத்த ஓட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேச்சுவழக்காக 'த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. தமிழில் அதற்கு வயிற்றோட்டம் என்றும் பெயர் உண்டு. இரண்டு மொழிகளும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதவில்லை. அனுபவம் ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒரே பக்கம் சாயும்.

ஓடுவதும் ரன், ஓட்டுவதும் ரன். குழப்பமாக இல்லையா?

இந்த இடத்தில் தமிழ் பேசுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தமிழில் தானே செய்வதற்கு ஒரு வடிவம், பிறவற்றைச் செய்ய வைப்பதற்கு இன்னொரு வடிவம்: ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. திரும்பு, திருப்பு. தன்வினை, பிறவினை என்று இலக்கணத்தில் படித்தது இதுதான். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த ஜோடி இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ஒரு வினை, ஓட வைப்பதற்கு அதன் கிளையான வேறொரு வினை. நாளடைவில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. தப்பித்த ஜோடிகளும் உண்டு: 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை, 'ரைஸ்' என்றால் எழு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு.

ஆகவே வாக்கியத்தில் ரன் என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: இது ஓடுவதா, ஓட்டுவதா? பின்னால் ஒரு பொருள் வந்தால், அதாவது எதை என்ற கேள்விக்குப் பதில் இருந்தால், பெரும்பாலும் ஓட்டுவது. 'த மெஷின் இஸ் ரன்னிங்' என்றால் இயந்திரம் ஓடுகிறது. 'ஷி ரன்ஸ் த மெஷின்' என்றால் அவர் அதை ஓட்டுகிறார், இயக்குகிறார். புரோகிராமை ரன் செய்வது, பரிசோதனையை ரன் செய்வது, பத்திரிகை ஒரு செய்தியை ரன் செய்வது, குளிக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் இந்த 'ஓட்டு' குடும்பம். 'எதை' இருந்தும் ஓட்டமாகவே நிற்பதும் உண்டு. ஒரு மைலை ரன் செய்தால் அந்த மைலை யாரும் ஓட்டவில்லை, அத்தனை தூரம் ஓடினார் என்றுதான் அர்த்தம்.

கம்பெனியை 'ஓடுகிறார்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

சொல்ல முடியாது, மொழிபெயர்ப்பில் வேண்டவும் வேண்டாம். நடத்துகிறார் என்று எழுதுங்கள். ஆனால் ஒரு நிமிடம் அந்தச் சொல்லையே பாருங்கள். நடத்து என்பது நட என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் தொழிலை ஓட வைக்கிறார், நாம் அதை நடக்க வைக்கிறோம். வேகம்தான் வேறு, உருவகம் ஒன்றுதான். சில சமயம் நாமும் 'கடையை எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்வதுண்டு. அதில் ஒரு அலுப்பு கலந்திருக்கும். ஆங்கில ரன் என்பதில் அந்த அலுப்பு இல்லை.

தேர்தலில் ஓடுவதா, நிற்பதா?

அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் ஓடுகிறார், 'ரன் ஃபார் ஆஃபிஸ்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மரபாக அவர் நிற்கிறார், 'ஸ்டாண்ட் ஃபார் எலெக்ஷன்'. தமிழிலும் தேர்தலில் நிற்கிறார் என்றுதான் பேசுகிறோம். ஓடுபவரும் நிற்பவரும் செய்வது ஒரே காரியம்! இதே போல நைலான் காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுந்தால் அமெரிக்கர் அதை ரன் என்பார், பிரிட்டிஷ்காரர் 'லேடர்', அதாவது ஏணி என்பார்.

அசையாத சாலை எப்படி ரன் ஆகும்?

கடற்கரையை ஒட்டிச் சாலை ரன் ஆகிறது என்றால் சாலை அசையவில்லை, பார்க்கிற கண் அதன் மேல் ஓடுகிறது. மொழியியலில் இதைக் கற்பனை நகர்வு என்ற பொருளில் பேசுவார்கள். தமிழிலும் சாலை ஊருக்குள் போகிறது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்று யோசிக்காமல் சொல்கிறோம்.

பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்கள்தான் பிரச்சினை. அவுட், இன்டு, ஓவர், டவுன்... இவற்றை எப்படிச் சமாளிப்பது?

உண்மையான தலைவலி இங்கேதான். ரன் என்பதன் பொருளில் பாதியை இந்தக் குட்டிச் சொற்கள்தான் தூக்கிக்கொண்டு போகின்றன.

'ரன் அவுட்' என்பதை எடுத்துக்கொள்வோம். தீர்ந்துபோவது என்பது முக்கியப் பொருள். தமிழில் காகிதம் தீர்ந்துவிட்டது என்போம், தீர்வது காகிதம். ஆங்கிலத்தில் 'த பேப்பர் ஹேஸ் ரன் அவுட்' என்றும் சொல்லலாம், ஆனால் அதைவிட அதிகம் கேட்பது 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்'. அதாவது தீர்ந்துபோவது நாம்! தமிழில் யோசித்து எழுதுபவர் இந்த இடத்தில் 'ஆஃப்' போட மறந்துவிடுவார். கிரிக்கெட்டில் ரன் அவுட் தனிக்கதை, அதில் தீர்வது மட்டையாளரின் ஆட்டம். 'ரன் அவுட் ஆன்' என்று ஒருவரைச் சொன்னால் அவரைக் கைவிட்டு ஓடிவிடுவது. நெருப்புக்குப் பயந்து வீட்டிலிருந்து வெளியே ஓடினாலும் அதே 'ரன் அவுட் ஆஃப்'. நேரம் தீர்ந்ததா, வீட்டை விட்டு ஓடினாரா என்பதைப் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் சொல்லும்.

'ரன் இன்டு' என்றால் மோதுவது. மரத்தில் வண்டி மோதலாம், பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்திக்கலாம், சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம், செலவு பல லட்சத்தை எட்டலாம். நான்குக்கும் நடுவே ஒரு எதிர்பாராத்தன்மை இழையோடுகிறது, செலவையும் சேர்த்துத்தான்.

'ரன் ஓவர்' கொஞ்சம் ஆபத்தானது. ஆள் மேல் வண்டி ஏறுவதும் அதுதான், கூட்டம் நேரத்தைத் தாண்டிப் போவதும் அதுதான், பாத்திரம் நிரம்பி வழிவதும், குறிப்புகளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பதும் அதுதான். 'ரன் த்ரூ' என்றால் ஒத்திகை பார்ப்பது, கையிலிருக்கும் பணத்தை மளமளவென்று கரைப்பது. 'ரன் அப்' என்றால் கடனை ஏற்றிக்கொள்வது, கொடியை ஏற்றுவது. பெயர்ச்சொல்லானால் பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரம், அல்லது தேர்தலுக்கு முந்திய நாட்கள். 'ரன் இட் பை மீ' என்று மேலதிகாரி சொன்னால் எதையும் தூக்கிக்கொண்டு அவர் பக்கமாக ஓட வேண்டியதில்லை, முடிவெடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எனக்குப் பிடித்தது 'ரன் டவுன்'. ஒருவரை வண்டியால் இடித்துத் தள்ளுவது, முதுகுக்குப் பின்னால் மட்டம் தட்டுவது, பேட்டரி இறங்கிப்போவது, கிடைக்காத தகவலைத் துரத்திப் பிடிப்பது. இதே சொல் பண்பாக வந்தால், வீட்டுக்கு அது பாழடைந்தது, மனிதருக்கு அது உடம்பு அசந்துபோனது. பட்டியலை மனப்பாடம் செய்ய முயன்றால் நீங்களும் அப்படித்தான் ஆவீர்கள்.

'ரன் லேட்', 'ரன் லோ', 'ரன் டிரை' என்பதெல்லாம் என்ன?

இங்கே ரன் என்பது கிட்டத்தட்ட 'ஆகு' என்ற துணைவினை போல. தாமதமாகிறது, குறைந்துகொண்டு வருகிறது, வற்றிப்போகிறது. பின்னால் வரும் பண்புச்சொல்லை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். காய்ச்சலையும் இங்கேயே முடித்துவிடலாம்: ஒருவர் 'ரன் எ ஃபீவர்' என்றால் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ஆங்கிலத்தில் காய்ச்சல் ஓடுகிறது, தமிழில் அடிக்கிறது. எந்த மொழியும் இந்த விஷயத்தில் தர்க்கம் பார்க்கவில்லை.

தமிழ் 'ஓடு' தெரிந்தால் ஆங்கில ரன் தானாக வந்துவிடுமா?

பாதி வழி வரும். மீதியில் பள்ளம் இருக்கிறது. டிவி ஓடுகிறது என்பதற்கு 'ஆன்' என்பதுதான் இயல்பு. தியேட்டரில் இப்போது ஒரு படம் ஓடுகிறது என்பதற்கு 'ஷோயிங்', 'பிளேயிங்' என்பார்கள். எத்தனை நாள் ஓடியது என்று கணக்குச் சொல்லும்போது ரன் பொருந்தும். 'எனக்கு ஒன்றும் ஓடவில்லை' என்பதை ரன் வைத்து மொழிபெயர்த்தால் கேட்பவருக்கும் ஒன்றும் ஓடாது. வீட்டை விட்டு ஓடிப்போவதற்கு மட்டும் 'ரன் அவே' கச்சிதமாகப் பொருந்துகிறது. காதலரோடு போனால் 'ரன் ஆஃப் வித்'. 'ரன் ஆஃப்' என்பதற்குப் பிரதி எடுத்துக் கொடுப்பது என்றும் ஒரு பொருள் உண்டு, சந்தர்ப்பம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடாமலே எடுக்கும் நான்குக்கும் ஆறுக்கும் ஏன் ரன் என்று பெயர்?

கிரிக்கெட்டில் அடிப்படைக் கணக்கு ஓட்டத்தில்தான் தொடங்கியது. 22 கெஜ ஆடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மட்டையாளர்கள் இருவரும் இடம் மாறினால் ஒரு ரன். ஆரம்ப காலத்தில் குச்சியில் வெட்டுக்குறி போட்டு எண்ணியதால் அதற்கு 'நாட்ச்' என்றும் பெயர் இருந்தது. செயலின் பெயர் பிறகு அலகின் பெயராகிவிட்டது. அலகு ஆனபின் ஓட வேண்டிய அவசியமே இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் ரன், பந்துவீச்சாளர் அகலமாகப் போட்டாலும் ரன். ஒரு சொல் எப்படித் தன் பழைய பொருளைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'பாங்க் ரன்' என்றால் வங்கிக் கொள்ளையா?

இல்லை, ஆனால் பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். வங்கி மூழ்கிவிடும் என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பதுதான் பாங்க் ரன். எந்த வங்கியும் வைப்புத்தொகை முழுவதையும் ரொக்கமாக வைத்திருப்பதில்லை, பெரும்பகுதி கடனாகவும் முதலீடாகவும் வெளியே இருக்கும். அதனால் நன்றாக இருக்கும் வங்கிகூட இந்த ஓட்டத்தில் விழுந்துவிடலாம். இன்று யாரும் கால்களால் ஓட வேண்டியதில்லை. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை வெளியே எடுக்க முயன்றார்கள், பெரும்பாலும் இணையம் வழியாக. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

'ரன் த காண்ட்லெட்', 'ரன் அமோக்': இந்த விநோதங்கள் எங்கிருந்து?

காண்ட்லெட் என்பது இரும்புக் கையுறை. கையுறையை எப்படி ஓடுவது? ஓட முடியாது. இது வேறு சொல். சுவீடிஷ் மொழியில் 'காட்லோப்' என்றால் சந்து ஓட்டம். இரண்டு வரிசையாக நிற்கும் படைவீரர்களின் நடுவே குற்றவாளியை விட்டு இருபுறமும் அடிப்பது தண்டனை. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது காதில் விழுந்த ஒலி, தெரிந்த கையுறைச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'லோப்' என்பதிலேயே ஓட்டம் இருக்கிறது, முன்னால் இன்னொரு ரன் சேர்ந்தது உபரி. அமோக் மலாய் மொழியிலிருந்து வந்தது, வெறிபிடித்துக் கண்ணில் பட்டவரைத் தாக்குவது. இன்று கட்டுமீறிப் போகும் எதற்கும் சொல்கிறார்கள்.

'பேட்' போன்ற சொற்களும் இதே ரகம்தானா?

இல்லை. கிரிக்கெட் மட்டையும் வௌவாலும் ஆங்கிலத்தில் 'பேட்' ஆனது தற்செயல். வெவ்வேறு வேரில் பிறந்த இரண்டு சொற்கள் ஒலியில் ஒன்றாகிவிட்டன. ரன் அப்படியல்ல, ஒரே குடும்பம் பல ஊரில் குடியேறியது. இந்த இரண்டாவது வகைக்கு 'பாலிசெமி' என்ற பெயரைப் பரப்பியவர் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயல், 1897-ல்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது வெகு முன்பே தெரியும். ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாக வரும் என்று தொல்காப்பியம் உரியியலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. 'கடி' என்ற உரிச்சொல்லுக்கு நன்னூல் 13 பொருள் அடுக்குகிறது: காவல், கூர்மை, மணம், அச்சம், புதுமை, மிகுதி என்று போகும் அந்தப் பட்டியலில் விரைவும் உண்டு.

ஏன் சின்னஞ்சிறு சொற்களுக்கே இத்தனை சுமை?

அதிகம் புழங்குவதால். ஜார்ஜ் ஜிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945-ல் காட்டியது: ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அவ்வளவுக்கு அதன் பொருள்களும் கூடும், ஏறத்தாழ அது வரும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவில். அதாவது நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள். கையருகே கிடக்கும் கத்தியை வைத்தே பழமும் நறுக்குவோம், டப்பாவும் திறப்போம். அதே கதைதான்.

கணினி இதை எப்படிப் புரிந்துகொள்கிறது?

வெகுகாலம் புரிந்துகொள்ளவில்லை. 1949-ல் அமெரிக்க அறிவியலாளர் வாரன் வீவர் இயந்திர மொழிபெயர்ப்பு பற்றிய ஒரு குறிப்பில் எழுதினார்: ஒரு சொல்லை மட்டும் துளை வழியாகப் பார்த்தால் பொருள் தெரியாது, துளையை அகலப்படுத்தி அக்கம்பக்கத்துச் சொற்களையும் பார்த்தால் தெரியலாம். 1960-ல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற மொழி ஆய்வாளர் அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். 'பெட்டி பென்னுக்குள் இருந்தது' என்ற அவருடைய எளிய வாக்கியத்தில் 'பென்' என்பது பேனா இல்லை, குழந்தையை விளையாட விடும் அடைப்பு. பேனாவைவிடப் பெட்டி பெரிது என்ற உலக அறிவு இல்லாமல் இயந்திரத்துக்கு இது விளங்காது என்றார். இன்றைய மொழிபெயர்ப்புக் கருவிகள் வீவர் சொன்ன துளையை மிகப் பெரிதாக்கிவிட்டன, அதனால் பெரும்பாலும் தப்பிக்கின்றன. ஆனாலும் தனியாக 'ரன்' என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள், 'ஓடு' என்றே வரும் வாய்ப்புதான் அதிகம். மென்பொருள் பொத்தானில் இருக்கும் 'ரன்' தமிழில் 'ஓடு' ஆனால், பயனரைப் பார்த்து ஓடச் சொல்வது போல இருக்கும். 'இயக்கு' என்று எழுதுங்கள்.

'ரேன்' எப்போது, 'ரன்' எப்போது?

இறந்தகாலம் 'ரேன்'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' வந்தால் மறுபடி 'ரன்'. 'ஹேவ் ரேன்' என்று பேச்சில் காதில் விழும், எழுத்தில் பிழை.

'திரீ டேஸ் ரன்னிங்' என்றால் மூன்று நாளாக ஓடிக்கொண்டே இருந்தாரா?

பாவம், இல்லை. எண்ணும் காலமும் சொல்லி அதன் பின்னால் 'ரன்னிங்' வந்தால் 'தொடர்ந்தாற்போல்' என்று அர்த்தம். மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தாலும் அப்படித்தான், மூன்று நாள் தொடர்ந்து ஒருவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றாலும் அப்படித்தான்.